பாடுவோரும் பயிற்றுவோரும்: இசை வரலாற்றுக் கல்வி பற்றிய ஒரு திறனாய்வு

திருஞானசம்பந்தர் கௌசிகப் பண்ணில் அருளிய பதிகங்களை இன்று ஓதுவார்கள் பைரவி இராகத்தில் பாடி வருகின்றனர். தேவார வகுப்பில் இதனைக் கேட்ட மாணவன் ஒருவன் எழுந்து, "சம்பந்தரும் பைரவியில்தான் பாடினாரா?" என்று வினவுகிறான் எனக் கொள்வோம். வினா சிறியது, விடை சிறியதன்று. இசை பயின்று, மேடை ஏறி, பின்னர் ஆசிரியப் பணியை மேற்கொண்டவர், "ஆம், அதுவே மரபு" என்று கூறிப் பைரவியை இனிமையாகப் பாடிக் காட்டி அமர்வார். தமிழ் இலக்கியம் பயின்று ஆசிரியரானவரோ, கௌசிகம் பகற்பண்களுள் ஒன்று என்னும் நூற்செய்தியை எடுத்துரைப்பார். பைரவி எவ்வாறு ஒலிக்கும் என்று காட்ட அவரால் இயலாது. இருவரும் தத்தம் துறையில் வல்லவரே. ஆயினும் மாணவனின் வினா விடையின்றியே நிற்கிறது.

இவ்வினாவுக்கு விடைகூற வல்ல மூன்றாம் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவர், இன்றைய பைரவி ஏறுநிரலில் ஒரு தைவதமும் இறங்குநிரலில் வேறொரு தைவதமும் கொண்டு ஒலிப்பதைப் பாடிக் காட்டுவார். இவ்வடிவம் எத்துணைப் பழமையானது என்று அடுத்துக் கேட்பார். ஓதுவார் வழக்கு ஒரு சான்று, அஃது ஒன்றே சான்றன்று என்பார். எந்த இடத்தில் சான்று நின்றுவிடுகிறதோ அந்த இடத்தில் தாமும் நின்று, "இதற்கு மேல் ஊகம்" என்று துணிந்து கூறுவார். இத்தகைய ஆசிரியர் தாமே தோன்றுவதில்லை. இசைக் கலைஞர் ஒருவரை இசை வரலாற்று ஆசிரியராக ஆக்குவது பட்டமேற்படிப்பின் கடமை. அக்கடமையை இசைத்துறைகள் எவ்வாறு ஆற்றியுள்ளன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழங்காலக் குருகுலத்தில் வரலாறு என்று தனியே ஒரு பாடம் இருந்ததில்லை. குருவுக்குக் கால் பிடித்துவிடும் வேளையிலும், குளத்தங்கரைக்கு நடந்து செல்லும் வழியிலும் சீடன் கதைகளைக் கேட்டான். முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்குச் செல்லும் வழியில் அமிர்தவர்ஷிணி பாட, வறண்ட நிலத்தில் மழை பொழிந்தது என்பன போன்ற கதைகள் அவை. கீர்த்தனையைப் பாடும்போது சீடனின் உள்ளத்தில் பயபக்தியை எழுப்புவதற்கு அக்கதைகள் பயன்பட்டன; அந்த அளவில் அவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அதே கதை தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்து, ஐந்து மதிப்பெண் பெறும் விடையாக மாறியபொழுதுதான் இடர் விளைந்தது. அக்கதை முதன்முதல் எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எழுதியவர் அதனை யாரிடம் கேட்டார் என்று தேடுவது வரலாறு. மழை பெய்தது என்று மனப்பாடம் செய்வது வரலாறு ஆகாது.

பல்கலைக்கழகங்களுள் இசை புகுந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபொழுது அங்கு இசைக்கல்லூரியும் இடம்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை 1932-இல் தொடங்கியது. அதே 1932-இல், அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம் அந்நாட்டின் முதல் இசையியல் டாக்டர் பட்டத்தை வழங்கியது. அதற்குரிய ஆய்வுப்பொருள், ஒரு மண்டிலத்தைச் சமமாகப் பகுக்கும் முறையின் வரலாறு. தொடக்கம் ஒரே காலத்தது. போன பாதை வேறு. ஐரோப்பாவில் 1885-ஆம் ஆண்டிலேயே கீடோ ஆட்லர் என்னும் அறிஞர் இசையியலின் எல்லைகளையும் முறைகளையும் வகுத்துரைத்தார். அவ்வழி வந்தோர், பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் இசைக்கல்லூரி என்றும், வரலாறு ஆய்வோர்க்குப் பல்கலைக்கழகம் என்றும் வீட்டைப் பிரித்துக்கொண்டனர். அங்கே வரலாற்றாசிரியர் பலர் ஏடு படிக்க வல்லவராகி, இசைக்கருவியை மறந்தனர் என்னும் குறை நெடுங்காலம் பேசப்பட்டது.

தமிழகத்தில் வீடு பிரிக்கப்படவில்லை. ஒரே மாணவர் ஒரே வகுப்பில் கீர்த்தனையும் பாடவேண்டும், இலக்கணமும் வரலாறும் எழுதவேண்டும். உண்மையில் இது பெரும் பேறு. மேலை நாட்டார் பிரித்துவிட்டுப் பின் ஒட்டவைக்க முயன்ற இரண்டும் இங்குத் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்தன. அப்பேறு ஏன் முழுப்பயன் தரவில்லை என்பதே கேள்வி.

இதற்கு விடைகாண வேண்டுமாயின் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் பணியை மதிப்பிட்டாக வேண்டும். 1901-இல் பிறந்து 1973-இல் மறைந்த அவர், தென்னிந்திய இசையைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் உரிய பாடமாக ஆக்கியவர்களுள் தலையாயவர். 1931-இல் ஜெர்மனி சென்று மியூனிக் நகரில் ஐரோப்பிய இசையியலைக் கற்றுத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். ஆறு பகுதிகளாக அவர் ஆங்கிலத்தில் எழுதிய தென்னிந்திய இசை பற்றிய பாடநூல், தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் தவழ்ந்தது. சிதறிக் கிடந்தவற்றை வகைப்படுத்தி, பெயரிட்டு, வரையறை கூறிய அவ்வுழைப்பை மதியாதவர் இத்துறையில் ஒரு சொல்லும் பேசத் தகுதியற்றவர்.

எனினும் அந்நூல்களின் போக்கைக் கூர்ந்து நோக்கின் ஒரு குறை புலப்படும். வரையறை, வகை, பட்டியல் என்னும் வரிசையிலேயே செய்திகள் செல்லும். கல்வெட்டில் கண்டதும், ஏட்டில் கண்டதும், செவிவழிக் கேட்டதும் ஒரே நிறத்தில், ஒரே உறுதியுடன், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இளமாணவர்க்குரிய முதற்பாடநூல் அவ்வாறு அமைவது குற்றமன்று. குற்றம் யாதெனின், முதுகலை வகுப்பும் அதே நூலை, அதே முறையில், சற்று விரிவாகப் படித்ததே ஆகும். பள்ளிப் பாடநூல் பட்டமேற்படிப்பின் மாதிரியாகிவிட்டது. சாம்பமூர்த்தி செய்தியைத் தேடி அலைந்தார். அவர் நூலைப் படித்தவர்களோ அவர் தேடிக் கண்டவற்றை ஒப்பித்தனர். அவர் தேடிய முறையைக் கற்றவர் சிலரே.

ஒப்பித்தலுக்கு இன்று அரசின் முத்திரையும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் ஆவதற்குரிய தேசியத் தகுதித் தேர்வில் இசையும் ஒரு பாடம். 2012 முதல் அத்தேர்வு முழுவதும், கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையில் நடைபெறுகிறது. எந்த நூல் எந்த நூற்றாண்டு என்பதற்கு நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கலாம். அந்நூற்றாண்டு எவ்வாறு அறியப்பட்டது என்பதற்கு அவ்வாறு விடையிறுக்க முடியாது. ஆகவே, தேர்வில் வராத ஒன்றை மாணவர் பயிலாமல் விடுவதில் வியப்பொன்றுமில்லை.

ஒரு கலைஞர் வரலாறு கற்பிக்க வேண்டுமாயின் எதனைப் பயிலவேண்டும் என்பதை இரண்டு கல்வெட்டுகள் நன்கு உணர்த்தும். ஒன்று புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள குடுமியான்மலையில் இருப்பது. மற்றொன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருப்பது.

குடுமியான்மலைப் பாறையில் ஏழு பகுதிகளாக, 38 வரிகளில், சுர எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1904-இல் இக்கல்வெட்டு கண்டறியப்பட்டது. ஏழாம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இதனைப் பல்லவன் மகேந்திரவர்மன் பொறித்தான் என்று பாடநூல்கள் பலவும் ஐயத்திற்கு இடமின்றி எழுதும். வகுப்பறையில் ஆசிரியரும் அவ்வாறே கூறுவர். கல்லைப் படித்தால் வேறொன்று தெரியவருகிறது. உருத்திராசாரியர் என்பாரின் மாணவனும் சிவபெருமானிடத்துப் பேரன்பு கொண்டவனும் ஆகிய மன்னன் ஒருவன், மாணவர் நலங்கருதி இவற்றைச் செய்தான் என்பதே அங்குள்ள செய்தி. மன்னன் பெயர் கல்லில் இல்லை. மகேந்திரவர்மனாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. அதனை மறுப்போரும் உளர். மாணவர்க்காகவே ஒரு மன்னன் பாறையில் எழுதிவைத்த பாடத்தை, அப்பாறையில் இல்லாத ஒரு பெயரைச் சேர்த்து மாணவர்க்குக் கற்பிப்பது எத்துணை விந்தை!

பெயர் மட்டுமன்று. அக்கல்வெட்டில் ஒவ்வொரு சுரத்தின் எழுத்தும் உயிர் மாறி மாறி நான்கு வடிவில் வருகிறது. ர, ரி, ரு, ரெ என்பது போன்ற இம்மாற்றம் எதனைக் குறிக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவில்லை. சுருதி வேறுபாடு என்பர் சிலர். வீணையில் மீட்டும் முறை என்பர் வேறு சிலர். இங்கேதான் இசைக் கலைஞரின் பயிற்சி கைகொடுக்க வேண்டும். கல்வெட்டறிஞர் எழுத்தைப் படித்துத் தருவார். ஒரு சுரத்தொடர் வாசிக்கக் கூடியதா, விரல் அதற்கு இடம் தருமா, எந்த இடத்தில் தொடர் மூச்சு வாங்குகிறது என்பனவற்றை வீணை பயின்றவரே கூறமுடியும். கல்லில் உள்ள ஏழு பகுதிகளின் பெயர்களுள் சாதாரித, பஞ்சம, கைசிக என்பன உள்ளன. தேவாரப் பண்களுள் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பன உள்ளன. பெயர் ஒற்றுமை வெளிப்படை. பெயர் ஒன்றாக இருப்பதால் இசையும் ஒன்று எனலாமா? முதலில் குறித்த மாணவனின் வினா இங்கே மீண்டும் வந்து நிற்கிறது.

தஞ்சைக் கல்வெட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இராசராச சோழன் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், நாள்தோறும் அளக்கவேண்டிய மூன்று குறுணி நெல்லும், ஒருவர் இல்லாதவிடத்து அவர் உறவினர் அவ்விடத்தைப் பெறும் முறையும் அங்கே எழுதப்பட்டுள்ளன. யார் பாடினர், எத்தனை பேர், என்ன கூலி என்பன ஐயமின்றி விளங்குகின்றன. எவ்வாறு பாடினர் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடுமியான்மலையில் சுரம் இருக்கிறது; பாடியவர் இல்லை. தஞ்சையில் பாடியவர் இருக்கின்றனர், சுரம் இல்லை. இவ்விரண்டு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்து ஒரு பருவம் முழுவதும் பயிலும் மாணவர், எந்தச் சான்றிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதை உணர்ந்துகொள்வார். நாற்பது நூல்களின் பெயரையும் காலத்தையும் மனப்பாடம் செய்பவர்க்கு அவ்வுணர்வு வாய்ப்பதில்லை.

கல்லை விட்டு நூலுக்கு வந்தால் சிக்கல் மிகும், சுவையும் மிகும். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தபின், பழந்தமிழிசையின் கதவு திறந்தது. அரங்கேற்று காதைக்கு அமைந்த பழைய உரையில், ஏழு சுரங்களுக்கும் உரிய அலகுகள் கூறப்படுகின்றன. குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2. கூட்டினால் 22. இவ்வேழு எண்களின்மீது எழுந்த வாதங்கள் ஒரு நூலகத்தையே நிரப்பக்கூடியவை.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். இசையின்மீது கொண்ட காதலால் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார், மாநாடுகள் கூட்டினார், 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டார். ஒரு மண்டிலத்தில் 22 சுருதி என்னும் கணக்கை மறுத்து, 24 என்று நிறுவ முயன்றார். 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில், தம் கருத்தைச் சொல்லால் உரைத்ததோடு அமையாது, தம் பெண்மக்களைக் கொண்டு இசைத்தும் காட்டச் செய்தார். விபுலாநந்த அடிகளோ ஈழத்தின் கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பயின்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். அவருடைய 'யாழ்நூல்' 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. வெளிவந்த அடுத்த திங்களிலேயே அவர் மறைந்தார். அவர் 22 அலகு என்னும் கணக்கின்மேல் நின்று, அழிந்துபோன யாழ்களை மீண்டும் உருவாக்கிக் காட்டினார்.

இருவரும் தமிழ்மீது பேரன்பு கொண்டவர். இருவரும் ஒரே நூலைப் படித்தவர். முடிவு மட்டும் வேறு. இசை வரலாற்று வகுப்பில் இது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? "பண்டிதர் 24 என்றார், அடிகள் 22 என்றார்" என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். இருவருள் எவர் மூலத்தின் எச்சொல்லை எவ்வாறு பொருள்கொண்டார் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும்.

கேட்பதற்கு வழி உண்டு. அதற்கு ஏட்டறிவும் குரலறிவும் சேர்ந்து வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு போதும். குரலுக்கு 4 அலகு என்றால், அந்த நான்கு அலகும் குரலுக்குக் கீழே உள்ளனவா, மேலே உள்ளனவா? முந்திய சுரத்திலிருந்து அச்சுரம் வரை உள்ள தொலைவே அதன் அலகு என்று கீழிருந்து எண்ணினால், குரலிலிருந்து துத்தம் 4, துத்தத்திலிருந்து கைக்கிளை 3, அடுத்து 2, 4, 3, 2, இறுதியில் தாரத்திலிருந்து மேற்குரல் 4 என்று வரும். இன்றைய இசையில் அதனைப் பாடினால் அரிகாம்போதி. அவ்வாறின்றி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு உள்ள தொலைவே அதன் அலகு என்று மேல்நோக்கி எண்ணினால், 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அதே வரிசை அப்படியே நிற்கும். அதனைப் பாடினால் கல்யாணி. எண்கள் மாறவில்லை, எண்ணும் திசை மாறியது, இராகமே மாறிவிட்டது!

செம்பாலை அரிகாம்போதியே என்று இசையறிஞர் பலர் கொண்டனர். அதற்கு அவர்கள் ஒரு சோதனையையும் காட்டுவர். அரிகாம்போதியின் துத்தத்தைக் குரலாகக் கொண்டு பாடினால் நடபைரவி பிறக்கும்; அது படுமலைப்பாலை. உழையைக் குரலாக்கினால் சங்கராபரணம், அரும்பாலை. இளியைக் குரலாக்கினால் கரகரப்பிரியா, கோடிப்பாலை. விளரியில் தோடி; தாரத்தில் கல்யாணி. கைக்கிளையில் மட்டும் பஞ்சமம் இல்லாத, இரண்டு மத்திமம் கொண்ட ஒரு தோடி பிறக்கும், அது செவ்வழிப்பாலை. கேட்போர் மெய்சிலிர்ப்பர், கைதட்டுவர். சோதனை அழகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் கைதட்டல் ஓய்ந்தபின் மற்றொன்றையும் கூறவேண்டும். கல்யாணியிலிருந்து தொடங்கினாலும் இதே ஏழு இராகங்களே வேறு வரிசையில் பிறக்கும். ஏனெனில் ஏழும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவை. எனவே, இச்சோதனை ஒன்றே தொடக்கம் அரிகாம்போதி என்பதை நிறுவாது. தொடக்கத்தை நிறுவுவது உரையாசிரியரின் சொல்லும் அலகு எண்ணும் திசையுமே. குரல் ஒரு முடிவைத் தாங்கும். தீர்ப்புக்கு ஏட்டிடம்தான் செல்லவேண்டும்.

இவ்விரண்டையும் தம் ஒருவரிடத்தே சேர்த்துக் காட்டியவர் எஸ். இராமநாதன். 1917-இல் பிறந்து 1988-இல் மறைந்த இவர், கச்சேரி மேடையில் பெயர்பெற்ற பாடகர், வீணையும் வல்லவர். 1956-இலேயே சிலப்பதிகாரத்து இசைத்தமிழைப் பற்றித் தமிழில் நூல் எழுதினார். அதனோடு நிறைவடையாமல், மேடையில் புகழ் பெற்றபின், நடுவயதில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்து, சிலப்பதிகாரத்தில் இசை என்னும் பொருளில் 1974-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மதுரைப் பல்கலைக்கழகம் 1979-இல் அவ்வாய்வை நூலாக்கியது. இதே வெஸ்லியனில், வீணை தனம்மாளின் பேரரும் நாட்டியப் பேரரசி பாலசரசுவதியின் தம்பியும் ஆகிய புல்லாங்குழல் கலைஞர் தி. விசுவநாதன், இராக ஆலாபனையை ஆராய்ந்து 1975-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இவர் அதற்கு முன்னரே சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக இருந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. துறைத்தலைவர் ஒருவர் மீண்டும் மாணவராவதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்!

தமிழிசையை ஆராயத் தமிழர் கடல் கடந்து சென்றது பெருமைக்குரியதா, வருத்தத்திற்குரியதா? இரண்டுமே எனலாம். அங்கே அக்காலத்தில் ஒரு புதுநெறி தோன்றியிருந்தது. கலிபோர்னியாவில் மாண்டில் ஹூட் என்னும் அறிஞர், பிற நாட்டு இசையை ஆராயும் மாணவர் அவ்விசையைத் தாமே பாடவும் வாசிக்கவும் கற்கவேண்டும் என்று 1960-இல் வலியுறுத்தி எழுதினார். அவரிடம் பயின்ற இராபர்ட் பிரௌன் மிருதங்கத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கியதோடு, வெஸ்லியனில் தமிழகக் கலைஞர்களை ஆசிரியர்களாக அமர்த்தினார். ஏட்டறிஞர் குருவின் முன் பாயில் அமர்ந்தனர். அதே வளாகத்தில் தமிழகக் குருமார் ஏட்டின் முன் மேசையில் அமர்ந்தனர். இருவர் பயணமும் ஒன்றையொன்று நோக்கி வந்தது. சிதம்பரத்திலும் சென்னையிலும் பாயும் மேசையும் ஒரே கூரையின்கீழ்த் தொடக்கம் முதலே இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுந்து செல்லும் பழக்கம்தான் குறைவு.

அங்ஙனமாயின் பாடத்திட்டம் எவ்வாறு அமையவேண்டும்? இசைக் கலைஞர்க்கு நாள்தோறும் சாதகம் செய்யவே பொழுது போதாது. இதன்மேல் கல்வெட்டும் ஏடும் எப்போது படிப்பது என்னும் தடை எழும். அத்தடை நியாயமானதே. ஆகவே, புதியதைச் சேர்ப்பதைவிட இருப்பதைக் குறைப்பதே வழி. வேதகாலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை எல்லாவற்றையும் தொட்டுச்செல்லும் பட்டியல் பாடம் பட்டமேற்படிப்பில் வேண்டியதில்லை. அஃது இளங்கலையிலேயே முடிந்திருக்கும். இரண்டாண்டில் மூன்று மூலங்கள் போதும். ஒன்று கல், ஒன்று ஏடு, ஒன்று அச்சு அல்லது ஒலி. அச்சுக்கு, 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' சாலச் சிறந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு வளர்ப்பு மகனாய் வந்தவர், குடும்பத்துக்குள்ளிருந்தே எழுதிய நூல் அது. தெலுங்கில் அமைந்தது, கமகங்களுக்குத் தனிக்குறிகள் உடையது. அதனை நேரே படிக்கத் தெலுங்கு எழுத்துப் பயிலவேண்டும். எழுத்துப் பயில மூன்று திங்கள் ஆகும் என்று தயங்குவோர், வாழ்நாள் முழுவதும் பிறர் கூறியதையே கூறவேண்டியிருக்கும். ஒலிக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலான இசைத்தட்டுகள் உள்ளன. அவற்றைக் கேட்டு, அன்றைய பைரவிக்கும் இன்றைய பைரவிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதிக் காட்ட, பாடத் தெரிந்தவரே தகுதியானவர்.

இறுதித்தேர்வும் வகுப்பறையிலேயே நடைபெறவேண்டும். மாணவர் ஒருவர் இளமாணவர் முன் நின்று, ஒரு மூலத்தைக் காட்டி, அதிலிருந்து ஒன்றைப் பாடி, அதன்பின் எழும் வினாக்களுக்கு விடைகூற வேண்டும். எத்தனை விடைகளுள் "இதற்குச் சான்று இல்லை" என்று நேர்மையாகக் கூறினார் என்பதையும் மதிப்பிட வேண்டும். இசைத்துறையார் சிலர்க்கு இது அவமானமாகத் தோன்றக்கூடும். தமிழிசையின் தொன்மையை ஐயுறுவதா என்று சினப்போரும் உளர். அச்சினம் புரிந்துகொள்ளத்தக்கது, தெலுங்குக் கீர்த்தனைகளே மேடையை ஆண்ட காலத்தில், தமிழிசை இயக்கத்தார் தொன்மையை முழங்கித்தான் தமிழுக்கு இடம் பெற்றுத்தந்தனர். 1943-இல் எழுந்த தமிழிசைச் சங்கம் முழக்கத்தோடு நிற்கவில்லை. 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் அறிஞர்களையும் ஒரே அவையில் அமர்த்திப் பாடவும் வாதிடவும் வைத்தது. பண்ணுக்கும் இராகத்துக்கும் உள்ள உறவு அங்கே வாதப் பொருளாக இருந்தது. பாடநூலில் ஏறியபின் அது முடிந்த முடிபாகிவிட்டது. பொய்யான உறுதியைக் கேட்டு வளரும் மாணவன், பின்னாளில் ஒன்று தவறென்று அறிந்தால், உண்மையானவற்றையும் சேர்த்தே உதறிவிடுவான். தமிழிசையின் தொன்மைக்கு அவனைவிடப் பெரிய பகை இல்லை.

இசைக்கல்லூரியின் வாயிலை மிதியாத தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிலப்பதிகாரத்தை நடத்துவோர், ஆய்ச்சியர் குரவையின் கதைச்சுவையை விரித்துவிட்டு, இசை வரும் அடிகளைச் சொற்பொருளோடு கடந்துசெல்வது எளிது. அக்காதையில் மாதரி, ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல் முதலாக ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். குரலை மாயவன் என்கிறாள். இளியைப் பலராமன் என்கிறாள். துத்தத்தை நப்பின்னை என்கிறாள். வகுப்பில் ஏழு மாணவரை அவ்வாறே நிறுத்தலாம். இசை பயின்ற ஒருவரை அழைத்துவந்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு சுரம் கொடுக்கலாம். குரலாக நின்ற மாணவியிடம் தொடங்கி வட்டத்தைச் சுற்றினால் ஒரு பாலை ஒலிக்கும். அடுத்தவளைக் குரலாக்கித் தொடங்கினால் வேறொரு பாலை ஒலிக்கும். ஏழு சுற்று முடியும்பொழுது மணி அடித்துவிடும். எவளேனும் ஒருத்தி தன் இடத்தை விட்டு நகராமல் நின்று, தனக்குரிய நான்கு அலகும் தன் இடப்பக்கத்தில் உள்ளனவா, வலப்பக்கத்தில் உள்ளனவா என்று கேட்பாளாயின், அடுத்த வகுப்பு எங்கே தொடங்கவேண்டும் என்பது ஆசிரியர்க்குத் தெரிந்துவிடும்.